49 நாள், 98 நாள், 9.8 மாதம்: 'வெறும் ஸ்டென்ட்' என்றால் எது?

2016-ல் எங்க பெரியப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் காமாலை என்றால் முதலில் கீழாநெல்லிதான். மூன்று வாரம் வெறும் வயிற்றில் அரைத்து மோரில் கலக்கிக் குடித்தார். கண்ணில் மஞ்சள் கூடிக்கொண்டே போனது. வலி ஒன்றும் இல்லை. அரிப்புதான் தாங்கமுடியவில்லை. ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டிருப்பார். திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தநாளத்தில் கட்டி என்று தெரிந்தது. கல்லீரலின் வலது பக்கக் குழாயும் இடது பக்கக் குழாயும் வந்து சேரும் முக்கிலேயே உட்கார்ந்திருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை, ஸ்டென்ட் வைத்துப் பித்தநீரை இறக்கலாம் என்றார்கள்.

வீட்டில் இங்கிலீஷ் கட்டுரை படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் தேடி ஒரு ஆய்வுச் சுருக்கத்தைப் பிடித்துவிட்டேன். வெறும் ஸ்டென்ட் வைத்தவர்கள் 98 நாள். ஸ்டென்ட்டோடு ஒளிச் சிகிச்சையும் பெற்றவர்கள் 493 நாள். மூன்று மாதம் எங்கே, பதினாறு மாதம் எங்கே! காலையில் காப்பி குடிக்கும்போது "பெரியப்பா, ஒரு வழி இருக்கு" என்று சொன்னவன் நான்தான். வெளிமாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் அதைச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாழைத் தோட்டத்தை ஒத்திக்கு வைக்கிற பேச்சு வரைக்கும் போய்விட்டோம்.

அந்தக் கட்டுரையையும் அதன் அக்கம்பக்கத்துக் கட்டுரைகளையும் இத்தனை வருஷம் கழித்து நிதானமாக மறுபடி படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புதான் இது. நான் டாக்டர் இல்லை. எந்த ஸ்டென்ட் நல்லது என்று தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இந்த ஆய்வுகள் எதை எதோடு ஒப்பிடுகின்றன என்பது மட்டும்தான் என் கேள்வி.

அடைப்பு எங்கே?

எங்க ஊர் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய் பிரியும். அந்தத் தண்ணீர் தலைகீழாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலும் வந்து ஒன்றாகி, ஒரே வாய்க்காலாகக் கீழே இறங்கும். பித்தநாளம் அப்படித்தான். கல்லீரலின் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் குழாய்கள் சேர்ந்து ஒன்றாகிக் குடலில் போய் விழுகின்றன.

ஒன்றான பிறகு கீழே எங்கேயாவது அடைப்பு என்றால் ஒரு குழாய் வைத்தால் போதும், மொத்தக் கல்லீரலும் வடிந்துவிடும். சேரும் முக்கிலேயே அடைப்பு என்றால் கதை வேறு. ஒரு பக்கம் திறந்தால் மறுபக்கம் தேங்கி நிற்கும். தேங்கிய பித்தநீரில் கிருமி புகுந்தால் குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வரும். விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும். முக்கில் வரும் இந்தக் கட்டிக்கு, 1965-ல் 13 நோயாளிகளைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் கிளாட்ஸ்கினின் பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்டென்ட்டும் இரண்டு வகை. வாய் வழியாக எண்டோஸ்கோப் விட்டு (இதைத்தான் ஈ.ஆர்.சி.பி. என்கிறார்கள்) பிளாஸ்டிக் குழாய் வைக்கும் முறையை 1979-80 வாக்கில் ஹாம்பர்க்கில் நிப் சோயெஹெந்த்ரா தொடங்கிவைத்தார். இந்தோனேசியாவில் பிறந்த மருத்துவர் அவர். அந்தக் குழாய் வழக்கமாக 3.3 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். உள்ளே கிருமிப் படலமும் பித்தக் கசடும் படிந்து, சில மாதத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு வந்தது உலோக வலை. மடங்கிய நிலையில் உள்ளே போய், விரிந்தால் 10 மில்லிமீட்டர் வரை அகலும். கசடு லேசில் அடைக்காது. ஆனால் வலைக்கண் வழியாகக் கட்டியே உள்ளே வளர்ந்துவிடும். மூடாத உலோக வலையை ஒருமுறை வைத்தால் அநேகமாக எடுக்கவும் முடியாது. விலையும் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு.

ஆக, பிளாஸ்டிக்கா உலோகமா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டியது, அடைப்பு முக்கிலா, கீழேயா? இதைப் பிரிக்காமல் எல்லா ஆய்வுகளையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிய தொகுப்பாய்வுகளைப் பார்த்திருக்கிறேன். "உலோகமே மேல்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். யாருக்கு மேல் என்று தேடினால் கிடைக்காது.

பாதை திறந்திருந்த நாளும் ஆள் இருந்த நாளும்

கீழ்ப்பகுதி அடைப்புக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஆம்ஸ்டர்டாம் ஆய்வு. 1992-ல் லான்செட்டில் வந்தது. 105 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 49 பேருக்கு உலோகம், 56 பேருக்கு பிளாஸ்டிக். முதல் ஸ்டென்ட் அடைபடாமல் இருந்த காலம் உலோகத்தில் 273 நாள், பிளாஸ்டிக்கில் 126 நாள். இரட்டிப்புக்கும் மேல். ஆனால் உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. (இந்த நாள் கணக்கெல்லாம் சராசரி அல்ல, இடைநிலை. எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கிறவரின் கணக்கு. பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே.)

"ஆயுள் கூடலையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு காசு?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதே கட்டுரையில் இன்னொரு எண் இருக்கிறது. முதலிலேயே உலோகம் வைத்தால் எண்டோஸ்கோப்பி தடவைகள் 28 சதவீதம் குறைகின்றன. இதைச் செலவுக் கணக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து படிக்கிறவனுக்கு அது வேறு கணக்கு. ஒரு தடவை என்றால் ஒரு கார் வாடகை, கூடவே போகிற ரெண்டு பேரின் வேலை, வெறும் வயிற்றோடு காத்திருக்கும் ஒரு பகல், திரும்பி வந்து படுக்கையில் ரெண்டு நாள். மொத்தமே ஐந்தாறு மாதம் கையில் இருக்கிற மனிதருக்கு இந்த நாட்கள் சின்ன விஷயம் இல்லை. கட்டுரையின் சுருக்கத்தில் ஓரமாக நிற்கிற இந்த எண்ணைத்தான் நான் முதலில் படித்திருக்க வேண்டும்.

கோன்கேனும் டில்லியும்

முக்கில் வரும் அடைப்புக்கு நமக்கு நெருக்கமான ஆய்வு தாய்லாந்தின் கோன்கேனிலிருந்து வந்தது. ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தால் கல்லீரல் புழு தொற்றி, உலகத்திலேயே பித்தநாளப் புற்று அதிகம் வருகிற பகுதி தாய்லாந்தின் வடகிழக்கு. நோயாளிகளில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துக்காரர்கள். 2012-ல் வந்த அந்த ஆய்வில் 108 பேர், பாதிக்குப் பாதி. உலோகம் வைத்தவர்களில் 70.4 சதவீதம் பேருக்குப் பித்தநீர் சரியாக வடிந்தது. பிளாஸ்டிக்கில் 46.3 சதவீதம் பேருக்குத்தான். உயிரோடு இருந்தது 126 நாள், 49 நாள்.

ஆம்ஸ்டர்டாமில் ஆயுளை மாற்றாத உலோகம் கோன்கேனில் எப்படி மாற்றியது? என் வாசிப்பு இது. ஆம்ஸ்டர்டாமில் கீழ்ப்பகுதி அடைப்பு. அங்கே எந்த ஸ்டென்ட் வைத்தாலும் முதலில் வடிந்துவிடுகிறது, எப்போது மறுபடி அடைக்கும் என்பதில்தான் போட்டி. கோன்கேனில் பிளாஸ்டிக் வைத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதலிலேயே சரியாக வடியவில்லை. அந்த 49 நாள் பிளாஸ்டிக்கின் ஆயுளைச் சொல்லவில்லை. வடியாத கல்லீரலோடு ஒரு மனிதர் எத்தனை நாள் தாங்குவார் என்பதைத்தான் சொல்கிறது.

இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. டில்லி எய்ம்ஸில் செய்து 2008-ல் வெளியிட்டார்கள். பித்தப்பைப் புற்று வளர்ந்து இதே முக்கை அடைத்தவர்கள் 54 பேர். பித்தநாளப் புற்று இல்லை, ஆனாலும் அடைப்பு அதே இடம். ஒரு பாதிக்கு எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட். இன்னொரு பாதிக்கு விலா எலும்பின் பக்கம் தோல் வழியாக ஊசி செலுத்திக் கல்லீரலிலிருந்தே வடிகால் (பி.டி.பி.டி. என்பார்கள்). தோல் வழியில் 89 சதவீதம் பேருக்கு வடிந்தது, எண்டோஸ்கோப்பியில் 41 சதவீதம். ஆரம்ப நாட்களில் பித்தநாளத் தொற்று தோல் வழியில் 11 சதவீதம், எண்டோஸ்கோப்பியில் 48. உயிரோடு இருந்தது இரண்டிலும் 60 நாள்.

60-க்கு 60. ஆயுளை மட்டும் பார்த்தால் "இரண்டும் ஒண்ணுதான்" என்று போய்விடலாம். ஆனால் அந்த ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். வாழ்க்கைத் தரக் கணக்கில் தோல் வழி வடிகால் பெற்றவர்கள் பல அளவுகளில் மேலே இருந்தார்கள். அதே 60 நாள்தான். ஒரு பக்கம் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள், மறுபக்கம் பத்தில் ஒருவர். இந்த வித்தியாசத்தை அளந்ததற்காகவே அந்தக் கட்டுரையை நான் மதிக்கிறேன். ஸ்டென்ட் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் பலவும் இதை ஒரு பத்தியில் தாண்டிவிடுகின்றன.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. 1987-ல் லண்டனில் 75 பேரை வைத்துச் செய்த ஆய்வில் எண்டோஸ்கோப்பிதான் ஜெயித்தது. 30 நாளுக்குள் இறப்பு அதில் 15 சதவீதம், தோல் வழியில் 33. யார் சொல்வது சரி? இரண்டு ஆய்வும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. நடுவில் இருபது வருஷம். டில்லியில் முக்கு அடைப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கருவியும் கையும் மாறியிருக்கின்றன.

ஒரு பக்கம் ஸ்டென்ட் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா என்ற சண்டையும் இதே கதைதான். 2001-ல் நேப்பிள்ஸில் 157 பேர், பிளாஸ்டிக் காலம். ஒரு பக்கமே மேல் என்று வந்தது. 2017-ல் கொரியாவில் 133 பேர், உலோகக் காலம். இரண்டு பக்கமும் வைத்தால் அதிக நாள் திறந்திருக்கிறது என்று வந்தது. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. கருவி மாறியதால் பதிலும் மாறியது.

493 நாளின் கதை

இப்போது நான் ஏமாந்த இடத்துக்கு வருகிறேன். ஏமாற்றியது யாரும் இல்லை, நானே ஏமாந்தேன்.

ஒளிச் சிகிச்சை என்பது ஒரு மருந்தை ரத்தத்தில் ஏற்றி, அது கட்டியில் தங்கிய பிறகு குழாய்க்குள் லேசர் ஒளி பாய்ச்சிக் கட்டியைக் கருக்குவது. 2003-ல் ஜெர்மனியிலிருந்து வந்த அந்த ஆய்வில் குலுக்கலில் சேர்ந்தது 39 பேர். ஒளிச் சிகிச்சை அணி 20, வெறும் ஸ்டென்ட் 19. 493 நாள் எதிர் 98 நாள். இவ்வளவு தெளிவாக ஜெயிக்கிறதே, இனி மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயம் இல்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

எங்களைப் பார்த்த டாக்டரிடம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இதுல யாரைச் சேர்த்தாங்கன்னு படிச்சீங்களா?" என்றார். நான் முழித்தேன். ஸ்டென்ட் வைத்தும் ஒரு வாரத்தில் பிலிருபின் பாதியாகக்கூட இறங்காதவர்களை மட்டும்தான் அந்தக் குலுக்கலில் சேர்த்திருக்கிறார்கள். "உங்க பெரியப்பாவுக்கு இன்னும் ஸ்டென்டே வைக்கலையே. முதல்ல வடியுதான்னு பார்ப்போம்" என்றார்.

அதாவது அந்த 98 நாள், ஸ்டென்ட் தோற்றுப்போனவர்களின் 98 நாள். அவர்களில் பாதிப் பேருக்கு ஒளிச் சிகிச்சை பாதையைத் திறந்துவிட்டது, மறு பாதி அடைப்போடே இருந்தது. கோன்கேன் மாதிரியே இதுவும் வடிந்தவர்களுக்கும் வடியாதவர்களுக்கும் நடந்த ஒப்பீடு என்றுதான் இப்போது படிக்கிறேன். 2005-ல் ஜெர்மனியிலிருந்தே 32 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. ஒளிச் சிகிச்சையோடு 21 மாதம், வெறும் ஸ்டென்ட் 7 மாதம். அங்கேயும் ஒளிச் சிகிச்சைதான் ஜெயித்தது. ஆனால் "வெறும் ஸ்டென்ட்" இங்கே இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டதைக் கவனியுங்கள்.

பிறகு பிரிட்டனில் 92 பேரை வைத்துப் பெரிய அளவில் செய்தார்கள். போட்டோஸ்டென்ட்-02 என்று பெயர். முடிவு தலைகீழ். ஒளிச் சிகிச்சை அணி 6.2 மாதம், வெறும் ஸ்டென்ட் அணி 9.8 மாதம். கூடுதல் சிகிச்சை பெற்றவர்கள் முந்திப் போனார்கள். ஒளிச் சிகிச்சை அணியில் பின்னால் கீமோ பெற்றவர்கள் குறைவு, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதன் சுருக்கம் 2010-லேயே ஒரு மாநாட்டில் சொல்லப்பட்டுவிட்டது. முழுக் கட்டுரை வந்தது 2018-ல். எட்டு வருஷம். நான் தேடிய 2016 அந்த இடைவெளியின் நடுவில் விழுகிறது. ஜெயித்த ஆய்வு முதல் பக்கத்திலேயே கிடைத்தது. தோற்ற ஆய்வு மாநாட்டுச் சுருக்கமாக எங்கேயோ கிடந்தது. இந்தத் துறையின் மேல் எனக்குக் குறை ஒன்று உண்டென்றால் அது இந்த எட்டு வருஷம்தான்.

தலைப்புக்கு வருகிறேன். பிளாஸ்டிக்கில் 49 நாள், பிறகு 98 நாள், 7 மாதம், 9.8 மாதம். நான்கு கட்டுரை, நான்கிலும் எதிரணியின் பெயர் ஏறக்குறைய ஒன்றே: வெறும் ஸ்டென்ட். நோயாளிகள் வேறு, கட்டியின் நிலை வேறு, காலமும் வேறு. நடுவில் 2010-ல் ஜெம்சிடபைனோடு சிஸ்பிளாட்டினைச் சேர்த்த கீமோ வந்தது. 410 பேரை வைத்துச் செய்த பிரிட்டன் ஆய்வில் 8.1 மாதம் 11.7 ஆனது. அந்தக் கீமோ கொடுப்பதற்கே பிலிருபின் இறங்கியிருக்க வேண்டும். ஆக, வடிந்தால் அடுத்த கதவும் திறக்கும், வடியாவிட்டால் இரண்டும் மூடிக்கொள்ளும். புதுச் சிகிச்சை எத்தனை நாள் கூட்டியது என்று பார்ப்பதற்கு முன்னால், தோற்ற அணியை எப்படிக் கவனித்துக்கொண்டார்கள் என்று பார்க்கவேண்டும். வெறும் ஸ்டென்ட் என்று ஒன்று இல்லை. நன்றாக வடிந்த ஸ்டென்ட் உண்டு, வடியாத ஸ்டென்ட் உண்டு.

திண்ணைக்குத் திரும்பி

தோட்டத்தை ஒத்திக்கு வைக்கவில்லை. பெரியப்பாவுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வைத்தார்கள். பத்து நாளில் அரிப்பு நின்றது. "ஏல, நேத்து ராத்திரி முழுசா உறங்கிட்டேன்ல" என்று போனில் சொன்னார். அந்த ஒரு ராத்திரியை எந்த அட்டவணையில் போடுவது?

ஏழாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். பெரியம்மா மூன்று போர்வை போர்த்திவிட்டு, "விடியட்டும்யா, கூட்டிட்டுப் போவோம்" என்றாள். விடிகிற வரை காத்திருந்தது தப்பு. ஸ்டென்ட் வைத்தவருக்கு நடுக்கலோடு காய்ச்சல் வந்தால் அந்த நிமிஷமே கிளம்பவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திருநெல்வேலிக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். தப்பித்தார். அப்புறம் உலோகம் வைத்தார்கள். கீமோ ரெண்டு சுற்று எடுத்துவிட்டு, போதும் என்றுவிட்டார். முதல் ஸ்டென்ட்டிலிருந்து எட்டு மாதம் இருந்தார். கடைசி இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே ஒரு தடவை.

ஒளிச் சிகிச்சைக்குப் போயிருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும். அந்த மருந்து உடம்பில் இருக்கிற வரை, குறைந்தது ஒரு மாதம், வெயில் படக்கூடாது. படுகிற இடமெல்லாம் தோல் வெந்துவிடும். எங்க ஊர் வெயிலில், காலையில் திண்ணையில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் பேசிக்கொண்டிருந்த மனிதரை வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். 493 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இதை யாரும் எழுதவில்லை. நானும் யோசிக்கவில்லை.

2023 டிசம்பர் 17 ராத்திரி செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றது ஞாபகம் இருக்கும். சுற்றிலும் வெள்ளம், ஏறக்குறைய 800 பயணிகள். பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ரோடும் இல்லை, ரயிலும் இல்லை. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்த நினைப்பு வேறு. இந்த ஊரில் இன்றைக்கு ராத்திரி ஒருத்தருக்கு ஸ்டென்ட் அடைத்து நடுக்கல் வந்தால்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய பிளாஸ்டிக்கின் தவணை இந்த வாரம் என்றால்? ஆம்ஸ்டர்டாமின் 273-க்கும் 126-க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால், கட்டுரையைத் தேடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க நான்கு கேள்வி சொல்கிறேன். அடைப்பு முக்கிலா, கீழேயா? ஸ்டென்ட் வைத்தால் கல்லீரலில் எவ்வளவு பங்கு வடியும்? ஒரு வாரத்தில் பிலிருபின் எவ்வளவு இறங்கினால் சரி, இறங்காவிட்டால் அடுத்து என்ன? நடு ராத்திரி நடுக்கல் வந்தால் யாருக்குப் போன் பண்ணவேண்டும், எங்கே போகவேண்டும்?

நாலாவது கேள்விக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்க வீட்டில் அந்தத் தாள் இல்லை.